காவல் நாயின் சிறுநீரில் இரத்தம்: எக்ஸ்ரே எடுத்த பிறகும் ஸ்கேன் தேவையா?

கேள்வி: தென்னந்தோப்புக் காவலுக்கு வளர்க்கும் ஆறு வயது ஆண் நாய் பத்து நாட்களாக முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிக்கிறது, இரத்தமும் கலந்து வருகிறது. கருத்தடை செய்யவில்லை. எக்ஸ்ரேயில் கல் இல்லை என்றார்கள். இப்போது ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) எடுக்கச் சொல்கிறார்கள். அது அவசியமா?

பதில்: அவசியம்தான். எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் கல்லே இல்லை என்று முடிவுகட்ட இயலாது. கால்சியம் ஆக்சலேட், ஸ்ட்ருவைட் கற்கள் வெண்மையாகப் பதியும். யூரேட், சிஸ்டின் வகைக் கற்களோ மங்கலாகவே தெரியும், சில வேளை தெரியாமலே போகும்.

அதற்கு முன், கையிலுள்ள படத்தையே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. அதன் பள்ளத்தில் செல்லும் சிறுநீர்க்குழாய் விரிந்துகொடுக்க இயலாததால், சிறு கற்கள் அந்த எலும்பின் பின்முனையில்தான் வந்து சிக்கும். எனவே பின்னங்கால்களை முன்னோக்கி இழுத்துப் பிடித்து, ஆசனவாய்க்குக் கீழுள்ள பகுதி வரை பதியுமாறு ஒரு பக்கவாட்டுப் படம் இருக்க வேண்டும். வயிற்றுடன் நின்றுவிட்ட படங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஸ்கேனில் எவ்வகைக் கல்லும் பின்னால் நிழல் விழுவதைக் கொண்டு புலப்படும். சிறுநீர்ப்பையின் சுவர்த் தடிப்பு, கட்டி, சிறுநீரக வீக்கம் ஆகியவற்றுடன், இந்த வயதில் கருத்தடை செய்யாத ஆண் நாயில் ஐயப்பட வேண்டிய புராஸ்டேட் சுரப்பியின் பெருக்கமும் தெரியும். ஆனால் இடுப்பெலும்புக்குள் மறைந்த சிறுநீர்க்குழாய் அதில் சரியாகத் தெரியாது. இரண்டு படங்களும் வேண்டியிருப்பது இதனால்தான். அப்போதும் பிடிபடாவிட்டால், சிறுநீர்க்குழாய் வழியே, எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரியும் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி மீண்டும் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

பையில் சிறுநீர் இருந்தால்தான் ஸ்கேன் தெளிவாக அமையும் என்பதால், மருத்துவமனை வாசல் மரத்தடியில் நாயைக் காலைத் தூக்க விடாதீர்கள். கிருமிச் சோதனைக்கான சிறுநீரையும் ஸ்கேன் பார்த்தபடியே பையிலிருந்து ஊசியால் எடுத்துக்கொள்ளலாம். நோய்க்கிருமிக் கொல்லி மருந்தைத் தொடங்கும் முன்பே அதை எடுப்பது நல்லது.

சிறுநீர் அறவே நின்று, வயிறு இறுகி, வாந்தியும் எடுத்தால் வாழைத்தண்டுச் சாறு கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். அன்றே, இரவானாலும், அடைப்பை நீக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், பழைய எக்ஸ்ரே படத்தையும் எடுத்துக்கொண்டு.