படகுக்கு எந்தத் திசைகாட்டி?

கேள்வி: என்னிடம் 23 அடி ஃபைபர் வள்ளம் இருக்கிறது, 40 குதிரைவலு எஞ்சின். ஜிபிஎஸ் உண்டு. அது நின்றுபோனால் கரை சேர ஒரு திசைகாட்டி பூட்ட விரும்புகிறேன். ஐரோப்பாவில் ஒரு படகிலிருந்து கழற்றியது மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், முகத்துவாரம், கொழும்பு 15

பதில்: கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஐரோப்பாவில் பூமியின் காந்தப்புலம் மிகச் சரிந்து கீழே இறங்குவதால், அங்கே விற்கும் திசைகாட்டியில், திசை எண்கள் எழுதிய தட்டின் தெற்குப் பக்கத்தில் சிறு எடை வைத்துச் சமன் செய்திருப்பார்கள். புலம் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் கீழ்க்கோடியை ஒட்டிப் போகிறது. கேரளத்துத் தும்பாவை ரொக்கெட் ஏவத் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். கொழும்பிலும் புலம் ஏறக்குறையக் கிடைதான். இங்கே அந்த எடை தட்டைத் தெற்கே சாய்த்துவிடும். வள்ளம் ஆடும்போது தட்டு உரசி நின்றுவிடும். நம் வலயத்துக்குச் சமன் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

கடையிலேயே சோதிக்கலாம். மட்டமான மேசையில் வையுங்கள். தட்டு கிடையாக நிற்க வேண்டும். ஒரு கத்தியைக் கிட்டக் கொண்டுபோய்த் தட்டை 20 பாகை திருப்பி, கத்தியைச் சட்டென்று எடுங்கள். பழைய எண்ணுக்கே திரும்பாமல் ஓரிரு பாகை தள்ளி நின்றால் தட்டைத் தாங்கும் நடு ஊசிமுனை தேய்ந்திருக்கிறது. உள்ளே உள்ள எண்ணெயில் குமிழி தெரிந்தால் கசிவு. இரண்டில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கடையாரில், அதாவது வள்ளத்தின் பின்முனையில், இருந்து எஞ்சின் பிடியைப் பிடித்தபடி ஓட்டுபவர் தூரத்திலிருந்தே எண்ணை வாசிக்க வேண்டும். ஆகவே தட்டு 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 5 பாகைக்கு ஒரு கோடு போதும். இரவுக்குச் சிவப்பு விளக்கு. பாய்ப்படகுக்குச் செய்தது வேண்டாம். எஞ்சின் வேகத்தில் அலை அறைய அறையத் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும்.

பூட்டும் இடம்தான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். எஞ்சினின் சுழல்சக்கரத்தில் காந்தம் உண்டு. அதிலிருந்தும் நங்கூரம், பற்றரி, வானொலி ஒலிபெருக்கியிலிருந்தும் ஒரு மீற்றராவது தள்ளி, நடுக் குறுக்குப் பலகையில், எண்ணை வாசிக்கும் முன்கோடு அணியத்தை (முன்முனையை) நேராகப் பார்க்கும்படி, பித்தளைத் திருகாணியால் பூட்டுங்கள். விளக்கு வயர் இரண்டையும் முறுக்கி ஒன்றாக இழுங்கள். 10 பாகைப் பிழையோடு 30 கடல்மைல் வந்தால் முகத்துவாரத்துக்கு வைத்த அணியம் வெள்ளவத்தையில் நிற்கும்.

பிறகு திருத்தம். காற்றும் நீரோட்டமும் இல்லாத காலையில், ஜிபிஎஸ்ஸைக் காந்த வடக்குக்கு மாற்றி, அது காட்டும் வடக்கே நேராக ஓடுங்கள். திசைகாட்டியின் வடக்கு-தெற்குத் திருகைப் பித்தளைத் திருப்புளியால் திருப்பிப் பிழையை முழுதும் நீக்குங்கள். தெற்கே ஓடும்போது எஞ்சும் பிழையில் பாதியை மட்டும் எடுங்கள். கிழக்கு, மேற்குக்கும் மற்றத் திருகால் அப்படியே. இரும்புச் சாமான் இடம் மாறினால் மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: போனில் உள்ள திசைகாட்டி போதாதா?
- வாசகர், மட்டக்குளி

பதில்: போதாது. போனின் ஒலிபெருக்கியிலும் சில உறைகளின் மூடியிலும் காந்தம் இருக்கிறது. ஈரக் கையில் திரையும் கேட்காது. பற்றரி தீர்ந்தால் அதுவும் இல்லை. திசைகாட்டிப் பக்கத்தில் அந்தப் போனை வைக்கவும் வேண்டாம்.