கிறிஸ்தவ வாழ்வில் ஆவிக்குரிய முதிர்ச்சி என்றால் என்ன?

ஒருவருடைய ஆசை, பேச்சு, கோபம், பணத்தைக் கையாளும் விதம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இயேசுவின் சாயலுக்கு மாறுவதுதான் ஆவிக்குரிய வளர்ச்சி. மனந்திரும்புதல் ஒரே நாளில் நடக்கலாம். பழைய சுபாவம் அப்படி ஒரே நாளில் விட்டுப் போவதில்லை.

நன்மை தீமையைப் பகுத்தறியப் பழகியவர்களையே எபிரெயர் 5:14 முதிர்ந்தவர்கள் என்கிறது. நீச்சலைப் போலத்தான் இது. எவ்வளவு படித்தாலும் தண்ணீரில் இறங்கிக் கை கால் அடித்தால்தான் உடம்புக்குப் பழகும். வேத வாசிப்பும் ஜெபமும் கட்டாயம் வேண்டும். ஆனால் நம்மைப் புண்படுத்தியவரிடம் நாமே போய்ப் பேசும்போதுதான் மன்னிப்பு நம் சுபாவமாகத் தொடங்குகிறது. முயற்சி நம்முடையது, விளையச் செய்கிறவர் தேவன் (1 கொரிந்தியர் 3:6).

பவுல் அப்போஸ்தலன் கடிதம் எழுதிய கொரிந்து பட்டணத்துச் சபையைப் பாருங்கள். தேவன் தரும் ஆவிக்குரிய வரங்களில் அவர்களுக்கு ஒரு குறைவும் இல்லை (1 கொரிந்தியர் 1:7). ஆனாலும் பொறாமையும் சண்டையும் இருந்ததால், பவுல் அவர்களைக் குழந்தைகள் என்றே சொல்கிறார் (3:1-3). ஆகவே மேடையில் ஒருவர் ஜெபிப்பதை வைத்து எடை போடாதீர்கள். வீட்டில் தன்னை எதிர்த்துப் பேசுகிறவர்களிடம் அவர் நடந்துகொள்ளும் விதம் அதைவிட அதிகம் சொல்லும்.

முதிர்ந்தவர் தவறவே மாட்டார் என்று பலர் நினைப்பது சரியல்ல: சிறையிலிருந்து எழுதிய பவுலே, தான் இன்னும் தேறினவன் அல்ல, தொடர்ந்து நாடுகிறவன் என்றுதான் சொல்கிறார் (பிலிப்பியர் 3:12).