அமெரிக்கக் கவுண்டி இறப்புப் பதிவேடுகள்: கேள்வி பதில்

ஒஹாயோவில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வம்சாவளிச் சங்கத்தில் தன்னார்வலராகப் பழைய பதிவேடுகளைப் புரட்டி வருகிறேன். அமெரிக்கக் குடும்பங்களில் மணம் செய்துகொண்ட நம்மவர்களும், அவர்களுடைய பிள்ளைகளுமே பெரும்பாலும் இக்கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். இறந்த ஆண்டு தெரியாவிட்டால் உத்தேச ஆண்டையாவது எழுதுங்கள். ஆண்டு இல்லாத கேள்விக்கு என்னால் பதில் சொல்ல இயலாது.

கொலம்பஸ் வாசகி: ஐயா, என் கணவரின் கொள்ளுத்தாத்தாவுடைய தந்தை 1884 மார்ச்சில் ஒஹாயோவில் இறந்தார். மாநில அலுவலகத்தில் சான்றிதழ் இல்லை என்கிறார்கள். அவருடைய இறப்பைப் பதிவே செய்யவில்லையா?

பதிவு செய்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நீங்கள் தட்டியதுதான் வேறு கதவு. ஒஹாயோவில் மாநில அளவில் இறப்புச் சான்றிதழ் வழங்கும் முறை 1908 டிசம்பர் 20 அன்றுதான் தொடங்கியது. அதற்கு முன், 1867 முதல், ஒவ்வொரு கவுண்டியின் புரோபேட் நீதிமன்றமும், அதாவது உயில் வழக்குகளைக் கவனிக்கும் நீதிமன்றமே, இறப்புப் பதிவேட்டை வைத்திருந்தது. அது தனித்தனிச் சான்றிதழ் அன்று; ஒரு பெரிய பேரேட்டில் ஆளுக்கு ஒரு வரி. வரி மதிப்பிட வீடு வீடாகச் சென்றவர்கள் ஆண்டுக்கொரு முறை கேட்டுக் குறித்து வந்ததை வைத்து எழுதியதால், விடுபட்டவர்கள் ஏராளம். குடும்பம் இடையில் ஊர் மாறியிருந்தால், அந்த வீட்டில் இறந்தவரைப் பற்றிச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் இந்தத் தொடக்க ஆண்டு மாறும். மாசசூசெட்ஸ் 1841இலேயே தொடங்கிவிட்டது; பென்சில்வேனியா 1906 வரையும், ஜார்ஜியா 1919 வரையும் காத்திருந்தன. நாடு தழுவிய இறப்புப் பதிவு வட்டத்துக்குள் கடைசியாக டெக்சாஸ் சேர்ந்தது 1933இல். ஆகவே, ‘அந்த ஆண்டில், அந்த இடத்தில், பதிவேட்டை வைத்திருந்தவர் யார்?’ என்பதை முதலில் விசாரியுங்கள். பெயரைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

நியூ ஜெர்சி வாசகர்: மனைவியின் முன்னோர் ஒருவர் 1875இல் ஸ்கிரான்டனில் இறந்தார். லாக்கவானா கவுண்டியில் எதுவும் கிடைக்கவில்லை.

1875இல் லாக்கவானா என்றொரு கவுண்டியே இல்லை. 1878இல் அது லுஸர்னிலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே நீங்கள் போக வேண்டியது லுஸர்ன் கவுண்டியின் தலைநகரான வில்க்ஸ்-பாரிக்கு. ஆனால் பென்சில்வேனியாக் கவுண்டிகளின் இறப்புப் பதிவேடுகள் பொதுவாக 1893 முதல் 1905 வரைக்குமானவை என்பதால், அங்கும் இறப்புப் பதிவேட்டை எதிர்பார்க்காதீர்கள். உயில், சொத்து நிர்வாக ஆவணங்கள், தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு, செய்தித்தாளின் மரண அறிவித்தல் ஆகியவற்றைப் பாருங்கள். சொத்து நிர்வாகக் கோப்பில் வாரிசுகளின் பெயர்கள் இருக்கக்கூடும். வம்சாவளிக்கு அது இறப்புப் பதிவைவிடப் பயனுள்ளது.

டாலஸ் வாசகி: இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. பதிவு இல்லை என்று முடிவு செய்யலாமா?

கூடாது. நீங்கள் தேடியது பெயர்ப்பட்டியலை, பதிவேட்டை அன்று. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கையெழுத்தைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்த பட்டியலில் ‘எஸ்’ ‘எல்’ ஆகியிருக்கும், ஜெர்மானியப் பெயர் ஆங்கிலப் பெயராகியிருக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் பெயர்ப்பட்டியலே போடாத பதிவேடுகளின் படங்களும் இருக்கின்றன. அவற்றைப் பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும். சில படங்கள் அவர்களுடைய மையங்களிலும் இணைப்பு நூலகங்களிலும் மட்டுமே திறக்கும்.

பாஸ்டன் புறநகர் வாசகர்: எங்கள் கவுண்டி அலுவலகத்தின் எந்தப் பிரிவில் கேட்க வேண்டும்?

எந்தப் பிரிவிலும் வேண்டாம். மாசசூசெட்ஸில் இறப்பைப் பதிவு செய்வது ஊர் எழுத்தர், கவுண்டி அன்று.

ரிச்மண்ட் வாசகி: வர்ஜீனியாவில் 1903இல் நடந்த இறப்பு.

வர்ஜீனியாவில் 1896உடன் நின்ற பதிவு 1912இல்தான் மீண்டும் தொடங்கியது. சில நகரங்கள் மட்டும் இடையில் தாமாகப் பதிந்து வந்தன. உங்கள் ஆண்டு அந்த இடைவெளியில் விழுகிறது; உயில்களையும் கல்லறைகளையும் தேடுங்கள்.

சிகாகோ வாசகர்: 1912ஆம் ஆண்டுச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1838 என்றும், 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது எட்டு என்றும் இருக்கிறது. அரசுச் சான்றிதழைத்தானே நம்ப வேண்டும்?

இரண்டுமே அரசு ஆவணங்கள்தாம். சான்றிதழில் ‘தகவல் தந்தவர்’ என்றொரு கட்டம் இருக்கும். அங்கே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இறந்த நாளையும் காரணத்தையும் மருத்துவர் எழுதினார், அவற்றை நம்பலாம். பிறந்த நாளையும் தாய் தந்தையர் பெயரையும், எழுபது ஆண்டுக்கு முன் அங்கே இல்லாத மருமகனோ பேரனோ துக்கத்துக்கு நடுவே சொல்லியிருப்பார். 1850இல் அந்த எட்டு வயதைச் சொன்னவர் பெற்ற தாயாக இருந்திருக்கலாம்.

கொலம்பஸ் வாசகி (மீண்டும்): ஐயா, புரோபேட் பதிவேட்டில் கிடைத்துவிட்டார்! 1884 மார்ச் 14, வயது 62 வருடம், 8 மாதம், 20 நாள். பிறந்த நாளைக் கண்டுபிடிக்கலாமா?

மகிழ்ச்சி. இதற்கு வம்சாவளிக்காரர்களிடையே 8870 என்றொரு சூத்திரம் வழங்குகிறது. இறந்த நாளை 18840314 என்று எழுதி, வயதை 620820 என்று கழித்தால் 18219494. அதிலிருந்து 8870ஐக் கழித்தால் 18210624. அதாவது 1821 ஜூன் 24.

டெட்ராய்ட் வாசகர்: தவறு. ஜூன் 24இலிருந்து 62 வருடம் 8 மாதம் எண்ணினால் 1884 பிப்ரவரி 24. அது லீப் ஆண்டு. இருபது நாள் கூட்டினால் மார்ச் 15 வருகிறது, 14 அன்று.

நீங்கள் சொல்வது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். சாதாரணக் கழித்தலில் கடன் வாங்கும்போது மாதத்துக்கு நூறு நாள், வருடத்துக்கு நூறு மாதம் என்று ஆகிவிடுகிறது. நூறில் முப்பது போக 70, நூறில் பன்னிரண்டு போக 88; இவை இரண்டும் சேர்ந்ததே 8870. அதாவது மாதத்துக்கு முப்பது நாள் என்ற அனுமானம் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. நாளில் மட்டும் கடன் வாங்கினால் 70ஐயும், மாதத்தில் மட்டும் வாங்கினால் 8800ஐயும்தான் கழிக்க வேண்டும். கடனே வாங்காவிட்டால் எதையும் கழிக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் பரப்புகிறவர்களால்தான் பல குடும்ப மரங்களில் முப்பத்தைந்தாம் தேதியில் பிறந்தவர்கள் உலவுகிறார்கள். நம் கணக்கில் நாட்காட்டிப்படி முன்னோக்கி எண்ணினால் ஜூன் 23 என்பதே பொருந்துகிறது.

ஹூஸ்டன் வாசகர்: எழுத்தரும் மாதத்துக்கு முப்பது நாள் என்றே எண்ணியிருந்தால்? பிப்ரவரி 24இலிருந்து 30 வரை ஆறு, மார்ச்சில் பதினான்கு, மொத்தம் இருபது. ஜூன் 24 சரிதானே?

அதையும் மறுக்க முடியவில்லை. ‘கர்ப்பச் செல் போக நின்ற தசை இருப்பு’ இத்தனை வருடம், மாதம், நாள் என்று ஜாதகத்தில் எழுதியதைப் பார்த்து, வருடத்துக்கு 360 நாளா, 365 நாளா என்று வீட்டுப் பெரியவர்கள் சண்டையிட்டதைக் கேட்டவர்களுக்கு இந்த வழக்கு புதிதன்று. விடை எழுத்தரின் மனத்தில் இருந்தது. அவர் நமக்கு அதை எழுதி வைக்கவில்லை.

டெட்ராய்ட் வாசகர்: குடும்பத்தார் பைபிளில் குறித்த பிறந்த நாளிலிருந்து எண்ணியிருப்பார்கள். 23தான்.

இருக்கலாம். இந்த ஒரு நாளுக்காக இதுவரை பதினொரு கடிதங்கள் வந்துவிட்டன, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

சியாட்டில் வாசகி: 1890 கணக்கெடுப்பில் பார்க்கலாமா?

1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தின் விளைவாக அதில் பெரும்பகுதி அழிந்தது. ஆனால் 1850, 1860, 1870, 1880 கணக்கெடுப்புகளோடு இறந்தோர் பட்டியல் ஒன்றும் எடுத்தார்கள். அந்தந்த ஆண்டு மே 31உடன் முடிந்த பன்னிரண்டு மாதங்களில் இறந்தவர்கள் அதில் இருப்பார்கள்.

அட்லாண்டா வாசகர்: இணையதளத்தில் பெயர் வரவில்லை. எனவே பதிவு இல்லை, அப்படித்தானே?

டாலஸ் வாசகிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

சான் ஹோசே வாசகர்: தாத்தா 1931இல் மதுரையில் இறந்தார்.

அது என் துறைக்கு வெளியே. அங்குள்ள மாநகராட்சியில் கேளுங்கள்.

கொலம்பஸ் வாசகி (மூன்றாம் முறை): குடும்ப மரத்தில் எந்த நாளை எழுதட்டும், ஐயா?

பதிவேட்டில் உள்ள வயதை உள்ளபடியே எழுதுங்கள். அதன் பக்கத்தில் ‘கணக்கிட்டது: 1821 ஜூன் 23 அல்லது 24’ என்று குறியுங்கள். பிறந்த இடம் ஜெர்மனி என்றிருந்தால், அவருடைய ஊரைக் கண்டுபிடித்து அங்குள்ள தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்த பிறகு ஒன்றை அடித்துவிடலாம்.

பீனிக்ஸ் வாசகி: இணையதளத்தில் பெயர் வரவில்லை...

டாலஸ், அம்மா. டாலஸ்.