கொழுப்பு சிறுநீரில் கரைந்து போகாது

எடை சரியாகக் குறையவில்லை என்று பயந்து எழுதிய கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசுவோம். ஜிம்மில் சேர்ந்த வாரமே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டு, மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போயிருக்கிறது. 'கொழுப்பு கரைந்து வெளியேறுகிறது' என்று நண்பர் சொன்னதும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டீர்கள்.

கொழுப்பு அப்படி வெளியேறாது. அளவுக்கு மீறிய பயிற்சியில் தசை சிதைந்து, மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரில் இறங்கினால் அந்த நிறம் வரும். அதிகமானால் சிறுநீரகம் செயலிழக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். அந்த நேரத்தில் வலி மாத்திரை போடுவது சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. இனி ஒருமுறை இப்படிக் கறுத்தால், தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது நிறம் தெளிந்துவிட்டது என்கிறீர்கள். ஆனாலும் இந்த வாரமே கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை இரண்டையும் செய்துவிடுங்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் வேகநடை போயும் ஒரு கிலோதான் குறைந்தது என்பதால் உங்கள் உடம்புக்குக் கொழுப்பை உடைக்கவே தெரியவில்லையோ என்று கேட்கிறீர்கள். நன்றாகவே தெரியும். வேகமாக நடக்கும்போது அட்ரினலின் ஏறும், இன்சுலின் இறங்கும். சேமிப்பில் இருக்கும் கொழுப்பு, கொழுப்பு அமிலமாகவும் கிளிசராலாகவும் உடைந்து ரத்தத்துக்கு வரும். தசை எரிக்காமல் விட்டது மறுபடி கொழுப்பாகவே சேர்ந்துகொள்ளும். தொடர் பயிற்சியின் பெரிய பலன் இந்த இடத்தில்தான்: சில வாரங்களில் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் நுண்ணிய உறுப்புகள்) பெருகி, அதே வேக நடைக்குத் தசை முன்பைவிட அதிகக் கொழுப்பை எரிக்கிறது. எரிந்ததில் பெரும்பங்கு மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது.

எடை மெஷின் இதையெல்லாம் காட்டாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி இருக்கிறது; ஒரு மணி நேர வேகநடைக்குச் செலவாவது ஏறக்குறைய 300. சாப்பாட்டில் கை வைக்காமல் ஒரு கிலோ குறைந்ததே நல்ல சேதி.

வியர்வை குறைவு, வாட்ச் காட்டும் 'ஃபேட் பர்ன்' எண், வெறும் வயிற்றில் நடப்பதா சாப்பிட்டுவிட்டா என்ற குழப்பம், இதெல்லாம் எடை குறைவதில் பெரிய வித்தியாசம் செய்யாது, விடுங்கள். ஆன்லைனில் வாங்கிய 'ஃபேட் பர்னர்' மாத்திரையை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நடையைத் தொடருங்கள். ஸ்குவாட் இப்போதைக்கு வேண்டாம். ரிப்போர்ட்டை ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு, பத்துப் பத்தாகத் தொடங்கலாம்.