ஆப் வங்கியில் கணக்கு: சம்பளத்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: புதிதாக வந்திருக்கும் ஒரு ஆப் வங்கியில் கணக்குத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கிளை கிடையாது, மாதக் கட்டணமும் கிடையாது. வெளிநாட்டில் கார்டு தேய்த்தாலும் கூடுதலாக எதுவும் பிடிக்க மாட்டார்களாம். கார்டை ஆப்பிலேயே பூட்டலாம், திறக்கலாம், ஆன்லைனுக்கு என்று தனியாக, எண் மட்டும் உள்ள விர்ச்சுவல் கார்டும் தருகிறார்கள். சம்பளத்தை அங்கே மாற்றிவிட்டு, 15 வருடமாக வைத்திருக்கும் பழைய வங்கிக் கணக்கை மூடிவிடலாமா?

பதில்: கணக்கைத் தொடங்குங்கள், அதில் தவறில்லை. ஆனால் பழைய கணக்கை மூடாதீர்கள், சம்பளத்தையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, இந்தக் கார்டு வசதிகள் பல உண்மையிலேயே நல்லவை, நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் கார்டைப் பற்றி இவ்வளவு இருக்கிறது, பணம் யாரிடம் இருக்கப் போகிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆப் வங்கி என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை இருக்கிறது. சொந்தமாக வங்கி உரிமம் வாங்கிய நிறுவனம் ஒன்று. உரிமம் இல்லாமல், பின்னால் வேறொரு வங்கியை வைத்துக்கொண்டு ஆப்பை மட்டும் நடத்துவது இன்னொன்று. மூன்றாவது, வங்கியே அல்ல, மின்பணம் அல்லது ப்ரீபெய்ட் வாலட் நடத்தும் உரிமம் மட்டும் உள்ள நிறுவனம். சிக்கல் என்னவென்றால், ஃபோன் திரையில் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்: மேலே இருப்புத் தொகை, நடுவில் கார்டின் படம், கீழே நான்கு பொத்தான்கள். வித்தியாசம் விதிமுறைகள் பக்கத்தின் முதல் பத்தியில்தான் தெரியும். அங்கே நிறுவனத்தின் சட்டப்படியான பெயர் இருக்கும், ஆப்பின் பெயர் வேறு, அது வேறு. "நாங்கள் வங்கி அல்ல, வங்கிச் சேவையை இன்ன வங்கி வழங்குகிறது" என்ற மாதிரி ஒரு வரியும் இருக்கலாம். அந்தச் சட்டப் பெயரை எடுத்துப்போய் உங்கள் நாட்டு மத்திய வங்கியின் இணையதளத்தில் உள்ள உரிமப் பட்டியலில் தேடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் கணக்குத் தொடங்குபவர்களில் இதைச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இது ஏன் முக்கியம்? வைப்புத்தொகைக் காப்பீடு. வங்கி கவிழ்ந்தால் ஒரு வரம்பு வரை உங்கள் பணம் திரும்பக் கிடைக்கும். இந்தியாவில் அந்த வரம்பு 2020 முதல் 5 லட்சம் ரூபாய். சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் 1 லட்சம் சிங்கப்பூர் டாலர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1 லட்சம் யூரோ, அமெரிக்காவில் 2.5 லட்சம் டாலர், பிரிட்டனில் 85,000 பவுண்டாக இருந்ததை 2025 டிசம்பரில் 1.2 லட்சமாக உயர்த்தினார்கள். இந்த வரம்பு ஒரு நபருக்கு, ஒரு வங்கிக்கு. அதனால் ஆப்பின் பின்னால் இருக்கும் வங்கியிலேயே உங்களுக்கு வேறு கணக்கும் இருந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். மூன்றாவது வகையில் பெரும்பாலும் இந்தக் காப்பீடே கிடையாது. "உங்கள் பணத்தைத் தனிக் கணக்கில் பாதுகாப்பாக வைத்திருக்கிறோம்" என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது காப்பீடு அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. காப்பீடு வங்கி கவிழ்ந்தால்தான் வேலை செய்யும். ஆப் நிறுவனமோ, ஆப்புக்கும் வங்கிக்கும் நடுவில் இருக்கும் நிறுவனமோ கவிழ்ந்தால்? அமெரிக்காவில் 2024-இல் அதுதான் நடந்தது. சினாப்ஸ் என்ற இடைத்தரகு நிறுவனம், பல ஆப்களுக்கும் சில வங்கிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு என்ற கணக்கை எழுதிக்கொண்டிருந்தது. அது ஏப்ரலில் திவால் மனு போட்டது, மே மாதம் 1 லட்சம் பேருக்கும் மேல் தங்கள் பணத்தைத் தொட முடியாமல் நின்றார்கள். வாடிக்கையாளர்களுக்குச் சேர வேண்டிய தொகைக்கும் வங்கிகளில் இருந்த தொகைக்கும் நடுவே 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை துண்டு விழுவதாக நீதிமன்றம் நியமித்த அறங்காவலர் சொன்னார். எந்த வங்கியும் கவிழவில்லை, அதனால் காப்பீடும் வரவில்லை. ஆப்பில் "காப்பீடு உண்டு" என்று போட்டிருந்ததை நம்பி மொத்தச் சேமிப்பையும் வைத்திருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கார்டுக்கும் இதே கதை உண்டு. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு என்ற பணம் செலுத்தும் சேவை நிறுவனத்தில் 190 கோடி யூரோவைக் காணோம் என்று தெரிந்து அது சரிந்தது. உடனே பிரிட்டனில் இருந்த அதன் துணை நிறுவனத்தின் செயல்பாட்டை அங்குள்ள நிதி ஒழுங்குமுறை அமைப்பு நிறுத்திவைத்தது. அந்தத் துணை நிறுவனத்தை நம்பிக் கார்டு கொடுத்திருந்த பல ஆப்களின் கார்டுகள் சில நாள்கள் வேலை செய்யவில்லை. பணம் தொலையவில்லை, ஆனால் அந்த நாள்களில் கையில் வேறு கார்டு இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசியுங்கள். பழைய கணக்கை மூடாதீர்கள் என்று சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, கார்டு வசதிகளுக்கு வருவோம். பூட்டும் பொத்தான் அருமையான விஷயம். பர்ஸைக் காணோம் என்றால் முதலில் பூட்டிவிட்டு அப்புறம் நிதானமாகத் தேடலாம். ஆனால் பூட்டுவது கார்டை ரத்து செய்வதற்குச் சமமல்ல. பூட்டுவதற்கு முன்பே கடை அனுமதி வாங்கிய தொகை பிறகும் கழியும். மாதச் சந்தாக்கள் பூட்டிய கார்டில் நிற்குமா, தொடருமா என்பது ஆப்புக்கு ஆப் மாறும். கார்டையே மாற்றினால் சந்தா தானாக நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் நிச்சயமில்லை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலுமே புதிய கார்டு எண்ணை வணிகருக்குத் தானாகத் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது, உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் பழைய சந்தா புதிய கார்டிலும் வந்து நிற்கும். வேண்டாத சந்தாவை அந்த நிறுவனத்திடமே போய் ரத்து செய்யுங்கள்.

விர்ச்சுவல் கார்டைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், முக்கியமாக முன்பின் தெரியாத இணையதளங்களில். ஒரு தடவை பயன்படுத்தியதும் எண் செத்துவிடும் வகை இருந்தால் இன்னும் நல்லது, அந்த எண்ணைத் திருடி யாருக்கும் பயனில்லை. ஆனால் விமான டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு மாதிரி, பிறகு கார்டைக் காட்டச் சொல்லும் இடங்களுக்கு அது வேண்டாம்.

ஹோட்டல் என்றதும் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பயணத்தில் இப்படி ஒரு ஆப் கார்டை வரவேற்பு மேசையில் நீட்டினேன். முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்துவைக்க வேண்டும் என்று அங்கிருந்த ஊழியர் இயந்திரத்தில் செருகினார், கார்டை மறுத்துவிட்டது. கணக்கில் பணம் தாராளமாக இருந்தது. அவர் கார்டைத் திருப்பி, ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த 'ப்ரீபெய்ட்' என்ற சொல்லை விரலால் காட்டி, இந்த வகையை முன்பணத்துக்கு எடுப்பதில்லை என்றார். அன்றுவரை அந்தச் சொல் என் கண்ணில் பட்டதே இல்லை. பையில் பழைய வங்கியின் கிரெடிட் கார்டு இருந்ததால் தப்பித்தேன். வாடகைக் கார் எடுக்கும் இடத்திலும் இதே பிரச்சினை வரும். டெபிட் கார்டை ஏற்றுக்கொண்டால்கூட, பிடித்துவைப்பது உங்கள் சொந்தப் பணம், அது விடுபடச் சில நாள்கள் ஆகலாம், அதுவரை அந்தத் தொகை கணக்கில் இருந்தும் இல்லாத மாதிரிதான். கார்டு கைக்கு வந்ததும் முன்னும் பின்னும் திருப்பி டெபிட்டா, ப்ரீபெய்ட்டா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் கூடுதல் கட்டணம் இல்லை என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டணம் இல்லை, சரி, மாற்று விகிதம் யாருடையது? விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்கின் விகிதத்தை அப்படியே தருகிறார்களா, அதன்மேல் தங்கள் பங்கைச் சேர்க்கிறார்களா? நாணயச் சந்தை மூடியிருக்கும் சனி, ஞாயிறுகளில் கூடுதலாக ஒரு சதவீதம் போல எடுக்கும் ஆப்களும் உண்டு. ஏடிஎம்மில் இலவசம் என்பதற்கு மாத வரம்பு இருக்கும், ஏடிஎம் வைத்திருக்கும் வங்கி போடும் கட்டணம் தனி. அப்புறம் கடையில் இயந்திரத்தை உங்கள் பக்கம் திருப்பி, உங்கள் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா, இந்த நாட்டு நாணயத்திலா என்று இரண்டு பொத்தான் காட்டுவார்கள். எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே அழுத்துங்கள். உங்கள் நாணயத்தைத் தொட்டால் விகிதத்தை அந்த இயந்திரத்தின் நிறுவனம் முடிவு செய்யும், உங்கள் ஆப்பின் நல்ல விகிதம் அங்கே எடுபடாது.

மோசடி நடந்தால் என்ன என்பதையும் பாருங்கள். டெபிட் கார்டில் போவது உங்கள் பணம், கிரெடிட் கார்டில் போவது முதலில் வங்கியின் பணம், சட்டமும் இரண்டையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அமெரிக்காவில் கிரெடிட் கார்டு மோசடியில் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர். தொலைந்துபோன டெபிட் கார்டிலோ, தெரிந்து இரண்டு வேலை நாளுக்குள் சொல்லாவிட்டால் அது 500 டாலர் வரை போகலாம். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட விதிப்படி, தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் அல்ல என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. எல்லா இடத்திலும் நேரம்தான் முக்கியம். ஒவ்வொரு செலவுக்கும் நொடியில் வரும் அறிவிப்புதான் இந்த ஆப்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, தயவுசெய்து அதை அணைத்துவைக்காதீர்கள்.

அடுத்தது, கணக்கு முடங்கும் நாள். பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்காக எல்லா வங்கிகளும் மென்பொருள் வைத்துக் கணக்குகளைக் கண்காணிக்கின்றன. வழக்கத்துக்கு மாறாக ஒரு பெரிய தொகை வந்தால், அது உங்கள் வீட்டை விற்ற பணமாகவே இருந்தாலும், கணக்கு நிறுத்தப்படலாம். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், பல நாடுகளில் சந்தேகப் புகார் கொடுத்ததை வாடிக்கையாளரிடம் சொல்வதே குற்றம். கிளை இருந்தால் போய் ஒரு மேலாளர் முன் உட்காரலாம். இங்கே சாட் பெட்டிதான். அதனால் பணம் போடுவதற்கு முன்பே, ஓர் இரவு பத்து மணிக்குமேல் ஒரு நிஜமான கேள்வியை அனுப்பிப் பாருங்கள்: என் ஃபோன் தொலைந்தால் கார்டை எப்படிப் பூட்டுவது? பதில் மனிதரிடமிருந்து வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். கேள்வியும் வீண் அல்ல, ஏனென்றால் ஆப், ஓடிபி வரும் சிம், சாட் எல்லாமே அந்த ஒரே ஃபோனில்தான் இருக்கின்றன. ஃபோன் போனால் அழைக்க ஓர் எண்ணோ, கம்ப்யூட்டரில் உள்நுழைய ஒரு வழியோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் நான் அந்தக் கணக்கைத் தொடங்க மாட்டேன்.

என் யோசனை இதுதான். சம்பளம் பழைய கணக்கிலேயே வரட்டும். வாரா வாரம் செலவுக்கு வேண்டியதை மட்டும் ஆப் கணக்குக்கு மாற்றி மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். கார்டைப் பூட்டிவிட்டு ஒரு சின்னத் தொகைக்குத் தேய்த்து, மறுக்கிறதா என்று பாருங்கள். ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணம் எத்தனை நாளில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சொந்த வங்கி உரிமம் உள்ள முதல் வகை நிறுவனமாக இருந்து, சாட்டில் மனிதரும் பதில் சொன்னால், அதற்குப் பிறகு சம்பளத்தை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போதும் கடன் தவணையும் காப்பீட்டு பிரீமியமும் போகிற பழைய கணக்கு ஓரமாக இருக்கட்டும், அதில் ஒரு மாதச் செலவுக்கான பணமும் இருக்கட்டும். அதோடு மாதம் ஒரு தடவை ஆப்பிலிருந்து ஸ்டேட்மென்ட்டை இறக்கி, அந்த ஃபோனில் இல்லாமல் வேறு எங்காவது சேமியுங்கள். கணக்கு முடங்கினால் ஆப்புக்குள்ளேயே போக முடியாது, உங்கள் இருப்பு எவ்வளவு என்று காட்ட கையில் ஒரு தாள் இருக்காது.

ஆப்பின் பெயரை நீங்கள் எழுதவில்லை. விதிமுறைகள் பக்கத்தின் அந்த முதல் பத்தியை மட்டும் நகல் எடுத்து அனுப்புங்கள், மூன்றில் எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.