புன்டியஸ் எங்கே போனது? சின்னக் கெண்டைகள் பற்றிக் கேள்வி பதில்

கெண்டை மீன்களில், தொட்டியில் வளர்க்கும் பார்ப் போன்ற சின்ன மீன்கள் சேர்ந்த கூட்டம் ஸ்மிலியோகாஸ்ட்ரினே துணைக்குடும்பம். புன்டியஸ் அதில் ஒரு பேரினம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். படம் அனுப்பி "இது என்ன மீன்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வாயில் நுழையாத இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, சார்?

ப்ளீக்கர் என்ற டச்சு மீனியலாளர் ஒரு பேரினத்துக்கு ஸ்மிலியோகாஸ்டர் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை, அதன் மீன் ஆஸ்டியோப்ராமாவுக்குள் போய்விட்டது. ஆளைக் காணோம், இனிஷியல் மட்டும் நிற்கிறது. சில கட்டுரைகளில் ஸ்மிலியோகாஸ்ட்ரினி என்று இருக்கும். கூட்டம் ஒன்றுதான். துணைக்குடும்பமாக வைக்காமல் ஒரு படி கீழே, குலமாக வைப்பவர்கள் அப்படி எழுதுவார்கள்.

கேள்வி: ரோகு, கட்லா இதில் வருமா?

வராது. அவை லேபியோனினே என்ற வேறு துணைக்குடும்பம்.

கேள்வி: இருபது வருடமாகத் தொட்டியில் பார்ப் வளர்க்கிறேன். எல்லாமே புன்டியஸ் என்று படித்தேன். இப்போது ஆளுக்கொரு பெயர். ஆராய்ச்சியாளர்களுக்கு வேறு வேலை இல்லையா?

கோபம் புரிகிறது. ஆனால் பழைய புன்டியஸ் ஒரு பரண் மாதிரி. எங்கே வைப்பது என்று தெரியாத சின்னக் கெண்டையை எல்லாம் அதில் ஏற்றி வைத்தார்கள். 2012-ல் இலங்கை மீனியலாளர் பெதியகொடவும் உடன் இருவரும் தெற்காசிய மீன்களை எலும்பு, மீசை, மரபணு என்று பார்த்துப் பரணைக் காலி செய்தார்கள். பெதியா, டாக்கின்சியா ஆகிய பேரினங்கள் அப்போது வந்தவை. பழைய சிஸ்டோமஸுக்கும் உயிர் கிடைத்தது. புன்டியஸ் என்ற பெயர் அதன் மாதிரி இனமான சோஃபோர் மீனோடு கட்டப்பட்டது, அதனால் அதன் நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டுமே அது மிச்சம்.

இது வெறும் காகித வேலை இல்லை. இப்போது பெதியாவில் இருக்கும் ரோஸி பார்பில் பதப்படுத்திய ஒன்றை எடுத்து முதுகுத்துடுப்பை விரியுங்கள். முன்னால் கிளை பிரியாத கதிர்கள் சில இருக்கும். அவற்றில் கடைசியானதுதான் பெரியது, விறைப்பானது. அதன் பின்விளிம்பில் ஊசிமுனையை மெல்ல ஓட்டினால் பல் பல்லாகத் தட்டும், சின்ன ரம்பம். சோஃபோரில் அதே இடத்தில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். சரி, ரம்பம் இருந்தால் பெதியா என்று முடித்துவிடலாமா? கூடாது. சிஸ்டோமஸ் சரானாவுக்கும் ரம்பம் உண்டு, ஆனால் அதற்கு இரண்டு ஜோடி மீசை. ரோஸி பார்புக்கு மீசையே இல்லை. இப்படி இரண்டு மூன்று அடையாளங்களைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

உங்கள் தொட்டியில் டைகர் பார்ப் இருந்தால் அது 2013 முதல் புன்டிகிரஸ். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டாதீர்கள்.

கேள்வி: உடம்பில் பட்டை பட்டையாகக் கறுப்பு உள்ள குஞ்சுகள் டாக்கின்சியா ஃபிலமென்டோசாவோடு பிடிபட்டன. புது இனமா?

அதன் பிள்ளைகளாகவே இருக்கலாம். அந்த இனத்தின் குஞ்சுக்குப் பட்டை உண்டு. வளர வளர அது மறைந்து, வாலுக்கு முன்னால் ஒரு கறுப்புப் பொட்டு நிற்கும். ஆண் முதிர்ந்தால் முதுகுத்துடுப்பில் இழைகள் நீளும். ஒரே மீனுக்கு மூன்று தோற்றம். நிறத்தை நம்பாதீர்கள் என்று இதற்குத்தான் சொல்கிறேன். ஃபார்மலினிலும் ஆல்கஹாலிலும் போட்டால் சிவப்பும் மஞ்சளும் போய்விடும், கறுப்பு மட்டும் தங்கும்.

கேள்வி: மாசீர்?

அதுவும் இதில் வராது, டோரினே என்ற வேறு துணைக்குடும்பம். மாசீருக்குக் குரோமோசோம் 100, நம் சின்னக் கெண்டைகளுக்குப் பெரும்பாலும் 50. ரோகுவும் கட்லாவும்கூட இந்தக் கூட்டத்தில் இல்லை. இன்னும் நான்கு பேர் அதையே கேட்டிருக்கிறார்கள், மேலே படியுங்கள்.

கேள்வி: டிராவிடியா என்று ஒரு பேரினம் வைத்துவிட்டு, அடுத்த வருடமே பிடுங்கிவிட்டார்களாமே. இதில் அரசியல் இல்லை என்கிறீர்களா?

இல்லை. 2012 கட்டுரையில்தான் டிராவிடியாவும் வந்தது. ஆனால் 2010-லேயே ஓர் ஈயின் பேரினத்துக்கு அதே பெயரை வைத்திருந்தார்கள். விலங்குகளில் இரண்டு பேரினங்களுக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது, முந்தியவருக்கே பெயர். அதனால் 2013-ல் ஹலுதாரியா என்று மாற்றினார்கள்.

அதே நண்பர்: ஒரு ஈக்காக நம் பெயர் போக வேண்டுமா? மாற்றியது யார்?

பெதியகொடவேதான். வைத்தவரே மாற்றினார், வெளியிலிருந்து யாரும் வந்து பிடுங்கவில்லை. போகட்டும், வந்த பெயரும் மட்டமில்லை. ஹாமில்டனின் 1822 கங்கை மீன் நூலுக்குப் படம் வரைந்த வங்காள ஓவியர் ஹலுதாரின் நினைவாக வைத்தது. நூலாசிரியர் பெயரை எல்லா மீனியலாளர்களும் சொல்வார்கள், தூரிகை பிடித்தவரை யார் நினைத்தார்கள்? எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

இன்னொருவர்: டாக்கின்சியா என்று ஓர் ஆங்கிலேயர் பெயரை வைக்கலாம், திராவிடத்துக்கு இடமில்லையா?

உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரில் அதற்கு முன் ஈ எதுவும் குறுக்கே வரவில்லை, அவ்வளவுதான். டெனிசோனி மீன் போய்ச் சேர்ந்த சஹ்யாத்ரியா பேரினம் மலைப் பெயர், பெதியா சிங்களச் சொல், புன்டியஸ் வங்காளச் சொல். நம் மண்ணின் பெயர்களுக்குப் பஞ்சம் இல்லை.

கேள்வி: ஆப்பிரிக்காவின் சின்ன பார்ப்களும் இதே கூட்டமா?

ஆமாம். முன்பு பார்பஸ் என்றார்கள். ஆனால் உண்மையான பார்பஸ் ஐரோப்பாவின் பெரிய மீன். இப்போது ஆப்பிரிக்கச் சின்னவற்றில் பெரும்பாலானவற்றை என்டரோமியஸ் என்கிறார்கள். அதுவும் இன்னொரு பரண்தான் என்று குறை சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி.

டிராவிடியா பற்றி முதலில் கேட்ட நண்பர் மறுபடி: பேச்சிலாவது டிராவிடியா என்று சொல்லலாமா?

தாராளமாக. மாதிரி புட்டியின் சீட்டில் மட்டும் எழுதாதீர்கள், அங்கே அது ஈ.