ஃபின்லேயின் கொசுச் சோதனை ஏன் எடுபடவில்லை?

கொசு சரிதான், இடைவெளிதான் போதவில்லை. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசுவை 1881-லேயே ஹவானாவில் கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே சரியாகச் சொல்லியும் யாரும் ஏன் நம்பவில்லை, 1900-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் குழுவுக்கு மட்டும் எப்படிப் பலித்தது என்று கேட்டிருந்தீர்கள். நோயாளியைக் கடித்த கொசுவை ஃபின்லே சில நாட்களிலேயே தன்னார்வலரைக் கடிக்க விட்டார். வைரஸ் கொசுவின் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 12 நாள் ஆகும். அதற்கு முன் கடித்தால் தொற்றாது.

ரீட் குழுவுக்கு இந்தத் துப்பைக் கொடுத்தவர் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கார்ட்டர். 1898-ல் மிசிசிப்பி மாநிலத்து ஊர்களில், முதல் நோயாளிக்கும் அடுத்து விழுந்தவர்களுக்கும் நடுவே இரண்டு வார அளவு இடைவெளி இருப்பதைக் கவனித்தார். அருமையான வேலை, அவர் பெயரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஃபின்லேயின் பதிவுகள் கையில் இருந்தால், கொசு நோயாளியைக் கடித்த தேதியையும் தன்னார்வலரைக் கடித்த தேதியையும் ஒப்பிடுங்கள். அப்புறம், நோயாளிக்கு அது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்றும் பாருங்கள். முதல் மூன்று நாளைத் தாண்டினால் கொசுவுக்கு வைரஸ் ஏறுவது அரிது.

12 நாளை மாறாத கணக்காக எடுக்காதீர்கள், குளிர் கூடினால் அது நீளும். ஃபின்லேயைத் தோற்றவராகவும் எழுதிவிடாதீர்கள். ரீட் குழு வளர்த்த கொசுக்கள் அவர் கொடுத்த முட்டைகளிலிருந்து வந்தவை.